கோத்தா பாருவுக்குப் போன கொசுறு

கம்பெனி என்றதும் பெரிய கட்டடத்தையும் வரிசையாக உட்கார்ந்த குமாஸ்தாக்களையும் நினைத்துவிட வேண்டாம். 'வில்மட் ஆகாயச் சரக்குக் கம்பெனி'யிடம் இருந்தது ஒரே ஒரு ஏரோப்பிளேன். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தி, இரண்டு எஞ்சின் பொருத்தி, மழைக்காலம் வந்தால் காயாத வேட்டி மாதிரி வாடை அடிக்கிற ஏரோப்பிளேன். அதை ஓட்டுவதற்கு வில்மட் துரை. பழுது பார்ப்பதற்கு, ரயில்வே பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்த அய்யாக்கண்ணு. சரக்குப் பிடித்துத் தருவதற்குப் பினாங்கு சூலியா தெரு அலாவுதீன். கம்பெனி மொத்தமே இவ்வளவுதான்.

அலாவுதீனுடையது வாப்பா காலத்திலிருந்தே கப்பலில் சரக்கு ஏற்றிக் கொடுக்கிற குடும்பம். நல்லபடி நடந்துகொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு அவன் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்ததும் தெரு முழுக்கக் கேலி. 'நட்சத்திரத்துக்குச் சரக்கு அனுப்பணும், என்ன கூலி?' என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவனுக்கோ மூக்கு நுனியில் கோபம். பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லாமல் விடமாட்டான். கேலி செய்தவர்களே பின்னால் மூட்டையோடு வந்து நின்றார்கள் என்றால், அதற்குக் காரணம் ஏரோப்பிளேன் இல்லை. அலாவுதீன் ஒரு சொல் சொன்னால் அது நிற்கும் என்ற நம்பிக்கைதான்.

ஆரம்பத்தில் சரக்குக் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. கோழிக்குஞ்சு போயிற்று. சினிமாப் பெட்டி போயிற்று. ஒரு சீன முதலாளி உயிர் நண்டு அனுப்பினார். பாதி வழியில் கூடை மூடி திறந்துகொண்டது. துரை இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டே தைப்பிங்கைத் தாண்டினார். ஊரைக் கூட்டுகிற வாடையோடு டுரியான் பழம் ஏற்றியது ஒரே ஒரு தடவை. அன்றைக்குத் தரையிறங்கியதும் துரை பேசிய ஆங்கிலத்தை அய்யாக்கண்ணு கடைசிவரை யாருக்கும் தமிழில் சொல்லவில்லை. இப்படித் தட்டுத் தடுமாறி ஒரு வருஷம் ஓட்டிவிட்டார்கள். ஆனால் ஏரோப்பிளேன் வயிறு நிறையச் சரக்கோடு கிளம்பியதாக ஒரு நாள்கூட இல்லை.

வேலை நடக்கிற விதம் இது. சூலியா தெருவில் அலாவுதீனின் சரக்குக் கிட்டங்கியில் மூட்டைகளை நிறுத்து, எடையைச் சாக்குமேல் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிடுவார்கள். சரக்குக்காரர்கள் தங்கள் கையாலேயே வாயைத் தைத்துக் கட்டுவார்கள். லாரி பாயான் லெப்பாஸ் மைதானத்துக்குக் கொண்டுபோகும். கனமானது இறக்கைக்குப் பக்கத்தில், லேசானது வால் பக்கம் என்று பார்த்து அய்யாக்கண்ணு அடுக்கி, வலை போட்டு இறுக்குவான். சுண்ணாம்பு எழுத்துகளைத் துரை கூட்டிப் பார்த்து, எவ்வளவு பெட்ரோல் ஊற்றலாம் என்று முடிவு செய்வார். மைதானத்தில் தராசு கிடையாது. தராசு சூலியா தெருவில், ஏரோப்பிளேன் பாயான் லெப்பாஸில், நடுவில் இருந்தது அலாவுதீனின் வார்த்தை.

முப்பத்தாறாம் வருஷம் நோன்புப் பெருநாள் டிசம்பரில் வந்தது. கிழக்குக் கரையில் பேய்மழை பெய்கிற மாதம். கிளந்தான் பக்கம் ரயில் பாதையை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட, பெருநாள் துணிமணிக்கும் பேரீச்சம்பழத்துக்கும் கோத்தா பாருக் கடைக்காரர்கள் தவித்துப் போனார்கள். அலாவுதீனுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டே நாளில் ஏரோப்பிளேன் கொள்ளுமளவு சரக்குச் சேர்ந்துவிட்டது. கைலி வியாபாரி இப்ராஹிம் ராவுத்தர், மசாலைக் கடை சுப்பையா, பலகாரம் சுட்டு விற்கிற சுலைஹா அக்கா என்று தெருவில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். பெருநாளுக்கு முன்னால் சரக்கு அங்கே இருக்கும் என்று அவன் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தான்.

லாரி கிளம்புகிற அன்று காலையில் ஒரு தந்தி வந்தது. கோத்தா பாருவில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஹாஜரா கொடுத்திருந்தாள். 'ரோஹானாவுக்குத் தொண்டை அடைப்பான். குரல் போய்விட்டது. இங்கே ஊசி மருந்து தீர்ந்துவிட்டது. இன்றே அனுப்பு.'

ஹாஜராவின் மகள் ரோஹானாவுக்கு ஐந்து வயது. பினாங்குக்கு வந்தாளானால் வீட்டில் வேறு யாருக்கும் பேச முறை கிடைக்காது. பூனையோடு சண்டை, சுவரோடு பேச்சு, மாமாவோடு விடாத கேள்வி. அந்தப் பிள்ளைக்குக் குரல் போய்விட்டது என்று படித்ததும் அலாவுதீன் தந்தியும் கையுமாக எழுந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினான். தந்தியைப் பார்த்த டாக்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை. மருந்துக் குப்பிகளை ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்கில் வைத்து அவன் கையில் கொடுத்து, "இன்னைக்குள்ள போனாத்தான் பிரயோஜனம்" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததிலேயே மீதியும் புரிந்தது. நல்லவேளை, ஏரோப்பிளேன் அன்றைக்கே கிளம்புகிறது என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டே லாரியில் ஏறினான். வழியெல்லாம் ஃபிளாஸ்க் அவன் மடியில்தான் இருந்தது.

மைதானத்தில் திருவிழாக் கூட்டம். வயிறு நிறைந்த ஏரோப்பிளேன் பறப்பதைப் பார்க்கச் சரக்குக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அலாவுதீன் யாரிடமும் நின்று பேசவில்லை. ஃபிளாஸ்கைத் துரை கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னான். துரை அதைத் தன் இருக்கைக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக்கொண்டு, கிழக்கே பார்த்தார். "மலைமேல் மேகம் இறங்குகிறது. உடனே போனால் தாண்டிவிடலாம்" என்றார் மலாயில். அவரும் அலாவுதீனும் பேசிக்கொள்கிற பாஷை அதுதான்.

எஞ்சின்கள் அலறின. ஏரோப்பிளேன் ஈரப் புல்லில் ஓடியது. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. வழக்கமாக எழும்புகிற இடத்தைத் தாண்டியும் சக்கரம் தரையை விடவில்லை. மைதானத்துக் கோடியில் தென்னந்தோப்பு. பெண்கள் கத்த ஆரம்பித்தார்கள். கடைசி நிமிஷத்தில் துரை எஞ்சினை அடக்கிவிட, சகதியை வாரி இறைத்துக்கொண்டு, முதல் தென்னைக்குச் சற்றுத் தள்ளி அது நின்றது. யாருக்கும் காயம் இல்லை. 

மெல்ல உருட்டிக்கொண்டு திரும்பி வந்த துரை இறங்கியபோது முகம் சிவந்திருந்தது.

"என்ன எடை எழுதியிருக்கிறாய், அலாவுதீன்?"

"நிறுத்த எடைதான் துரை."

"பொய். இது அந்த எடை இல்லை. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் நான் செத்திருப்பேன்."

வேறு நாளாக இருந்திருந்தால் அலாவுதீன் எகிறியிருப்பான். வாப்பா காலத்துத் தராசைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்திருப்பான். அன்றைக்கு ஏரோப்பிளேனுக்குள் எட்டி, சுண்ணாம்பு எழுத்துகளைத்தான் பார்த்தான். சக்கரத்தில் அப்பியிருந்த சகதியைச் சுரண்டிக்கொண்டே அய்யாக்கண்ணு தலையைத் தூக்கினான்.

"அண்ணே, ஏத்தும்போதே நெனச்சேன். நேத்து கிட்டங்கியில பார்த்ததைவிட மூட்டையெல்லாம் கொஞ்சம் குண்டா இருக்குலா."

அலாவுதீன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். சுலைஹா அக்கா சட்டென்று தரையைப் பார்த்தாள்.

"அக்கா, நிறுத்த பொறவு மூட்டையில எதுவும் போட்டீங்களா?"

"கொஞ்சம்தான்லா தம்பி. ரெண்டு டின்னு அச்சு முறுக்கு. நோன்பு மாசத்துல நிறுத்த எடைக்கு மட்டுமா அனுப்புறது? வாங்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"சுப்பையா அண்ணே, நீங்க?"

"ஏலக்காய் ஒரு பொட்டலம், கல்கண்டு கொஞ்சம்" என்ற சுப்பையா, இன்னும் கொஞ்சம் யோசித்து, "முந்திரியும்" என்றார்.

"ராவுத்தர் நானா?"

இப்ராஹிம் ராவுத்தர் தொண்டையைச் செருமினார். "வருஷக்கணக்கா வாங்குற ஆளு. சும்மா ஒரு கைலிக் கட்டு."

"கட்டா?"

"சின்னக் கட்டுதான்பா."

அலாவுதீனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கொசுறு! சூலியா தெருவில் கொசுறு இல்லாத வியாபாரம் உண்டா? கறிவேப்பிலையிலிருந்து பட்டுத்துணி வரைக்கும், நிறுத்து முடித்த பிறகு கை இன்னொரு தடவை உள்ளே போய் வந்தால்தான் வியாபாரிக்கு மனசு ஆறும். அதை யாரும் நிறுப்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை. நிறுத்துக் கொடுத்தால் அதற்குக் கொசுறு என்று பெயர் கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கப்பலில் இப்படித்தான் போயிற்று, கடல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு வருஷமாகப் பாதி வயிறோடு பறந்த ஏரோப்பிளேனும் கேட்கவில்லை. இன்றைக்கு வயிறு நிறைந்த பிறகு கேட்டுவிட்டது. அடுத்தவர்களைச் சொல்ல அவனுக்குத்தான் என்ன யோக்கியதை? தங்கை வீட்டுக்கு என்று அவனே ஒரு பெட்டி ஏற்றியிருந்தான். சொந்தப் பெட்டி என்று அதைத் தராசுப் பக்கமே கொண்டுபோகவில்லை.

முதலில் அந்தப் பெட்டியை இழுத்துக் கீழே போட்டான்.

"போதாது. எதில் எவ்வளவு கூடியிருக்கிறது என்று நிறுத்துப் பார்க்க இங்கே தராசு இல்லை. பாதிச் சரக்கு இறங்க வேண்டும்" என்றார் துரை. "யாருடையது என்று நீ சொல். அய்யாக்கண்ணு சக்கரத்தைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் சொல். மேகம் நமக்காகக் காத்திருக்காது."

யாருடையதை இறக்குவது? இதோ நிற்கிறவர்கள் எல்லோரும் அவன் வாக்கை நம்பி ஏற்றியவர்கள். பெருநாள் முடிந்த பிறகு பெருநாள் சரக்கை யார் வாங்குவார்கள்? அதுவும் யாருக்காக? அவன் வீட்டுப் பிள்ளைக்காக. தன் வீட்டுக்கு ஒன்று என்றதும் ஊரார் மூட்டையைத் தள்ளிவிட்டான் என்று நாளைக்கு ஒருவர் சொன்னால் அவனால் மறுக்க முடியுமா? ஆனால் அந்தப் பக்கம் ரோஹானா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள். கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றான். 

"நானா... என் தங்கச்சி மவ ரோஹானா... தொண்டை அடைப்பானாம். ஊசி மருந்து இதுலதான் போவுது. இன்னைக்கே போவணும். பாரம் கூடிப்போச்சு. எனக்குக் கேக்க வாய் வரல..."



இப்ராஹிம் ராவுத்தர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மடிப்புக் கலைந்த ஒரு கைலிக்காகக் கப்பல் கம்பெனியோடு மல்லுக்கு நின்றவர். அவர் இப்போது அலாவுதீனை எரிப்பதுபோலப் பார்த்தார்.

"பைத்தியக்காரா! பிள்ளைக்கு மருந்து போவுதுன்னு வந்ததுமே சொல்றதுக்கு என்ன? இதைப் போயி கேட்டுக்கிட்டு நிக்கிறான் பாரு!" என்று சத்தம் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே ஏரோப்பிளேனுக்கு நடந்தார். "அய்யாக்கண்ணு, வலையை அவுரு. என் மூட்டை எல்லாத்தையும் இறக்கு."

"எல்லாம் வேணாம் நானா, பாதி—"

"நான் பாதி, நீ பாதின்னு இங்க கணக்குப் பார்த்துக்கிட்டு இருந்தா மேகம் மூடிரும்லா. இறக்குடா!"

பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. சுப்பையா மூட்டைக்குத் தோள் கொடுத்தார். சுலைஹா அக்கா தன் மூட்டையைத் தானே தூக்கி வந்தாள். சக்கரம் சுத்தமாவதற்குள் ஏரோப்பிளேன் காலியாகிவிட்டது. வழக்கமாகப் போகிற தபால் பையும் ஃபிளாஸ்கும்தான் மிச்சம்.

அலாவுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ராவுத்தர் தன் மூட்டையின் தையலைப் பேனாக்கத்தியால் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அந்தச் 'சின்ன'க் கட்டு வந்தது.

"இது மட்டும் போவட்டும்."

"நானா, பாரம்னுதானே இறக்குனோம்?"

"நான் ஏத்துன சரக்கு என்னுது. அதைத் திரும்பக் கடைக்குக் கொண்டுபோறேன், எனக்கு ஒண்ணுமில்ல. இது கொடுத்தது. கொடுத்ததை எடுத்து மறுபடி கடைக்குள்ள வைக்கச் சொல்றியா? பரக்கத்து போயிரும், வியாபாரம் விளங்காது. ரோஹானா பிள்ளைக்குன்னு எழுதிக்க."

"நான் போட்டதும் அப்படித்தாம்பா" என்று சுப்பையா ஏலக்காயும் கல்கண்டும் முந்திரியுமாக வந்தார். சுலைஹா அக்காவின் முறுக்கு வந்தது. ஒருவர் தொப்பி எடுத்து வந்தார், ஒருவர் அத்தர் குப்பி, இன்னொருவர் கைகொள்ளாத பேரீச்சம்பழம். அய்யாக்கண்ணு ஒரு வெறும் சாக்கை விரித்துப் பிடித்தான். சாக்கு நிறைந்தது. துரை வந்து ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"என்ன இது?"

"துரை," என்றான் அலாவுதீன் தயங்கித் தயங்கி, "முதலில் நம்மை எழும்ப விடாமல் செய்தது இதுதான்."

துரை சாக்கைப் பார்த்தார். தரையில் மலைபோலக் கிடந்த மூட்டைகளைப் பார்த்தார். "அப்படியென்றால், அனுப்ப வேண்டிய சரக்கை எல்லாம் இறக்கிவிட்டு, அனுப்பக் கூடாத பாரத்தை மட்டும் திரும்ப ஏற்றச் சொல்கிறீர்களா?"

"ஆமாம் துரை."

அந்த மனிதருக்குக் கோபம் வந்திருந்தால் நியாயம்தான். தென்னை மரத்தில் மோதிச் சாகப் பார்த்தவர் அவர். ஆனால் இவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். "ஏற்று. என் இருக்கைக்குப் பக்கத்தில் வை" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார்.

இந்தத் தடவை பாதி மைதானம்கூடத் தேவைப்படவில்லை. சக்கரம் புல்லை விட்டதும் கூட்டம் ஒரே குரலில் கூச்சல் போட்டது. ஏரோப்பிளேன் தோப்பைத் தாண்டி, கடலைத் தாண்டி, கிழக்கே புள்ளியாகிற வரைக்கும் அலாவுதீன் பார்த்துக்கொண்டே நின்றான். பக்கத்தில் சுப்பையா, தான் கும்பிடுகிற தண்ணீர்மலை முருகனைக் கூப்பிட்டு, பிள்ளையைக் காப்பாற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். தன்னைச் சுற்றி நின்ற இவர்களுக்கெல்லாம் என்ன செய்து தீர்ப்பது என்று அலாவுதீனுக்குத் தெரியவில்லை.

அன்று துரை திரும்பவில்லை. கோத்தா பாருவில் மழை பிடித்துக்கொண்டது, மருந்து டாக்டர் கையில் சேர்ந்துவிட்டது என்று மட்டும் தந்தி கொடுத்திருந்தார். சேர்ந்தது சரி, நேரத்துக்குச் சேர்ந்ததா? நோன்பு திறக்கும்போது அலாவுதீனுக்குக் கஞ்சி இறங்கவில்லை. மறுநாளும் தகவல் இல்லை. கடைகளில் விற்காத பெருநாள் சரக்கு குவிந்து கிடந்தது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ராவுத்தர் மட்டும் மணிக்கு ஒரு தடவை கிட்டங்கி வாசலுக்கு வந்து, வேறெதையோ தேடுகிறவர் மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கு மறுநாள் சாயங்காலம், பெருநாள் பிறை தெரிகிறதா என்று தெருவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தந்திக்காரன் சைக்கிளை நிறுத்தினான். அலாவுதீன் உறையைப் பிரித்தான்.  சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"சத்தமா படிப்பா" என்றார் ராவுத்தர்.

"ரோஹானா நேற்று இரவு முதல் விடாமல் உரக்க அழுகிறாள்" என்று படித்தான். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"யா அல்லாஹ்! பிள்ளைக்கு என்னாச்சு?" என்று சுலைஹா அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சுப்பையாவுக்கு முகம் வெளுத்தது.

"அழுவுறாளாம் அக்கா" என்றான் அலாவுதீன். "உரக்க அழுவுறாளாம். சத்தம் போட்டு அழுவுறாளாம் நானா!"

கூட்டத்தில் ராவுத்தருக்குத்தான் முதலில் புரிந்தது. "குரல் வந்துருச்சுலா!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருமுனை வரைக்கும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுலைஹா அக்கா அழ, சுப்பையா சிரிக்க, யாரோ யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அலாவுதீன் நடுத்தெருவில் உட்கார்ந்து, கோத்தா பாருவில் அழுகிற பிள்ளைக்குப் போட்டியாக வாய்விட்டு அழுதான்.

அந்தத் தெருவில் நன்றி என்ற சொல்லை யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. 'சரிலா', 'இருக்கட்டும்பா' என்பதோடு முடிந்துவிடும். அன்று மாலை அலாவுதீன் ஒவ்வொரு கடை வாசலாகப் போய் நின்றான். ராவுத்தர், "போடா, போயி பெருநாள் வேலையைப் பாரு" என்று விரட்டினார். அவன் போகவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சொல்லை வாயால் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கடைக்குப் போனான்.